சாட்சிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கதிரை: யாழ்ப்பாணத்துச் சைகை மொழி உரைபெயர்ப்பாளர்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு தாபரிப்பு வழக்கு. மனுதாரர் செவிப்புலனற்ற பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். எதிர்மனுதாரர் காது கேட்கும் கணவர், மேசன் வேலை செய்பவர். 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ், குடாநாட்டின் நீதவான் நீதிமன்றம் ஒன்றில் மனு போடப்பட்டது. கணவர் உழைக்கிறார், பிள்ளைகளுக்குச் செலவு கொடுப்பதில்லை. வழக்கின் விடயம் அவ்வளவுதான். சட்டச் சிக்கல் ஏதும் இல்லாத இப்படியான மனு சில தவணைகளில் முடிந்திருக்க வேண்டும். இது ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டது. மனுதாரர் கைகளால் சொல்வதை நீதிமன்றத்துக்குத் தமிழில் சொல்ல ஓர் ஆளை நேரத்தோடு அழைத்து, சரியான இடத்தில் நிறுத்தி, வேலைக்கு உரிய கூலியைக் கொடுக்க எந்த அலுவலகத்திடமும் வழி இருக்கவில்லை என்பதே காரணம்.

மனுதாரரின் சட்ட உதவித் தரப்பில் வேலை செய்தவர்களில் நானும் ஒருத்தி. அவருடைய சம்மதத்தோடும் உரைபெயர்ப்பாளர்களின் சம்மதத்தோடும் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய ஊர், உறவு, திகதி விபரங்களை மாற்றியோ விட்டோ இருக்கிறேன். உரைபெயர்ப்பாளரின் வேலை நிபந்தனைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், "செவிப்புலனற்ற சனத்தின்ர உரிமையை விட்டுட்டு இவை தங்கட சம்பளத்தைக் கதைக்கினம்" என்று நல்ல மனம் உள்ளவர்களே குறை சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டும் வேறு வேறு இல்லை என்பதை இந்த வழக்கை விடத் தெளிவாகக் காட்டும் ஒன்றை நான் பார்த்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தமக்கை சொன்ன கதை

மனுதாரர் கைதடி நஃபீல்ட் பாடசாலையில் படித்தவர். 1956 இல் அந்தப் பாடசாலை தொடங்கும்வரை, செவிப்புலனற்ற தமிழ்ப் பிள்ளைகள் படிக்க வேண்டுமென்றால் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரத்மலானைக்குப் போக வேண்டும். இன்று வடக்கில் நடுத்தர வயதில் இருக்கும் செவிப்புலனற்றவர்கள் பலருக்குச் சைகை மொழி கிடைத்தது கைதடி விடுதியிலும் விளையாட்டு மைதானத்திலும் மூத்த பிள்ளைகளிடம் இருந்துதான். இவரும் அப்படித்தான். சாதாரண தரப் பரீட்சைக்கு முன்னரே வீட்டில் நிறுத்திவிட்டார்கள். தமிழில் சின்னச் சின்ன வசனங்கள் எழுதுவார், வாசிப்பார். சட்டத்தரணியின் கடிதத்தை வாசித்து விளங்கிக்கொள்ள அது போதாது. சைகை மொழியில் அவர் சரளமாக, நகைச்சுவையோடு கதைப்பவர். அந்தப் பெண்ணை நீதிமன்றம் நெடுநாள் சந்திக்கவே இல்லை.

முதலில் பொலிஸ் நிலையத்துக்குத் தமக்கையோடு போனார். தமக்கைக்குச் சைகை மொழி தெரியாது. சின்ன வயதில் இருந்து வீட்டுக்குள் பழகிய சில கைக்குறிகள் தெரியும்: சாப்பாடு, காசு, அம்மா, வா, போ, கோபம். பொலிஸ் உத்தியோகத்தர் கேட்டார், தமக்கை பதில் சொன்னார், அது எழுதப்பட்டது. கணவர் செலவுக்குக் காசு தருவதில்லை, கூப்பிட்டுச் சமாதானப்படுத்தினால் சேர்ந்து வாழ விருப்பம் என்பதுதான் அந்த முறைப்பாட்டின் சாரம். அடி வாங்கியது அதில் இல்லை. மாமியார் பிள்ளைகளோடு வெளியே அனுப்பியதும் இல்லை. குடும்பம் பிரிந்தால் தங்கைக்கு யார் இருக்கிறார்கள் என்று பயந்த தமக்கை, தன் அறிவுக்கு எது நல்லதோ அதைச் சொன்னார். எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். காது கேளாதவருக்கு வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கினார்கள்.

நீதிமன்றத்தின் முதல் தவணையிலும் தமக்கைதான். "சேர்ந்து வாழ விருப்பமா?" என்று நீதவான் கேட்டார். தமக்கை தங்கையின் பக்கம் திரும்பாமலே தலையாட்டினார். சமாதானத்துக்கு இடம் கொடுத்துத் தவணை தள்ளிப்போனது. அடுத்த தவணையும் அப்படியே. தன் வழக்கு எதற்காகத் தள்ளிப்போகிறது என்பது மனுதாரருக்குத் தெரியவில்லை. "நீதிமன்றம் என்றால் போய் இருந்துவிட்டு வருவது என்று நினைத்தேன்" என்று பிறகு கைகளால் சொன்னார்.

தமக்கையில் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வீட்டு ஆட்களை உரைபெயர்ப்புக்கு விடக்கூடாது என்று உலகம் முழுவதும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏன் சொல்கிறார்கள் என்பதற்கு இந்த வழக்கே போதும். அன்பு இருக்கிற இடத்தில் ஆலோசனையும் வந்துவிடும், மறைப்பும் வந்துவிடும்.

ரீச்சர் வந்த நாள்

சட்ட உதவித் தரப்பு வழக்குக்குள் வந்ததும் சைகை மொழி உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று மன்றிடம் கேட்டோம். நீதவான் உடனே சம்மதித்தார். நீதிமன்றத்தில் இருந்து பிரதேச செயலகத்துக்குக் கடிதம் போனது. அங்கிருந்து அது ஒரு சமூக சேவை உத்தியோகத்தரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தபோது தவணைக்கு ஒரு நாள்தான் இருந்தது. அவர் தனக்குத் தெரிந்த ஆசிரியைக்குப் பின்னேரம் போன் எடுத்தார். "ரீச்சர், நாளைக்கு ஒருக்காக் கோட்டுக்கு வந்திட்டுப் போங்கோ. கனநேரம் எடுக்காது."

இங்கே சைகை மொழி உரைபெயர்ப்பு அநேகமாக இந்த மாதிரியான போன் அழைப்பில்தான் நடக்கிறது. செய்பவர்கள் விசேட கல்வி ஆசிரியர்கள், அல்லது செவிப்புலனற்ற பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள், அல்லது கூடப் பிறந்தவர்கள். எல்லோருக்கும் வேறு வேலை இருக்கிறது. ரீச்சர் தன் சொந்த லீவைப் போட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார். என்ன வழக்கு என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. காலையில் வந்தவர் வழக்குக் கூப்பிடும்வரை வெளி விறாந்தையில் நின்றார். மனுதாரர் வந்த பிறகுதான், அது தன்னிடம் படித்த பிள்ளை என்று கண்டுகொண்டார்.

உள்ளே முதல் பிரச்சினை, எங்கே நிற்பது என்பது. நீதவானைப் பார்த்தபடி நிற்கச் சொன்னார்கள். அப்படி நின்றால் கூண்டில் நிற்கும் மனுதாரருக்கு அவருடைய தோளும் காதும்தான் தெரியும். கொஞ்சம் நகர்த்தினார்கள். இப்போது அவருக்குப் பின்னால் யன்னல், வெளியே பத்து மணி வெயில். முகம் இருட்டாகிவிட்டது. சைகை மொழியில் இலக்கணத்தின் பெரும்பகுதி முகத்தில்தான் இருக்கிறது. ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விக்குப் புருவம் உயரும். எதிர்மறைக்குத் தலை அசையும். கைகள் ஒன்றாகவே இருக்கும். முகம் தெரியாவிட்டால் "அவர் அடித்தார்" என்பதும் "அவர் அடித்தாரா?" என்பதும் ஒன்றாகிவிடும்.

எங்கள் நீதிமன்றங்களில் உரைபெயர்ப்பு முதலியார் என்ற பதவி ஆங்கிலேயர் காலத்தில் இருந்தே இருக்கிறது. பேசும் மொழிகளுக்கு இடையில் சொல்லிக்கொடுப்பவருக்கு மன்றில் ஓர் ஆசனமும் அரச சம்பளமும் மரியாதையும் உண்டு, அது சரியும்கூட. அதே மன்றில் அதே வகையான வேலையைக் கைகளால் செய்ய வந்தவருக்கு நிற்க இடம் தேட வேண்டியிருந்தது.

பிறகு குறுக்கு விசாரணை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல், இடைவெளி இல்லாமல், ஒரே ஆள். நாங்கள் பேசும்போது "அவர் என்னை", "நான் அவரை" என்று வேற்றுமை உருபால் பிரித்துச் சொல்வதை, சைகை மொழி வெளியில் இடம் பிரித்துச் சொல்லும். கணவரை வலப்பக்கம் வைத்துவிட்டால், மாமியாரை இடப்பக்கம் வைத்துவிட்டால், அதன் பிறகு கை எந்தப் பக்கத்தில் இருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் யார் யாருக்கு என்ன செய்தார் என்பதைச் சொல்லும். உரைபெயர்ப்பவர் அந்த இடங்களை மனதில் வைத்துக்கொண்டு, ஒரு காதால் சட்டத்தரணியின் அடுத்த கேள்வியைக் கேட்டுக்கொண்டு, வாயால் தமிழைச் சொல்ல வேண்டும். நீதிமன்றம், மாநாடு போன்ற இடங்களில் இருவராகச் சேர்ந்து, 20 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவது இந்தத் தொழிலின் பொது வழக்கம். ஓய்வாக இருப்பவர் சும்மா இருப்பதில்லை; மற்றவர் தவறவிட்டதைப் பிடித்துக் கொடுப்பார்.

இங்கே பிடித்துக் கொடுக்க யாரும் இல்லை. "நீங்களாகத்தானே வீட்டை விட்டு வந்தீர்கள்?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார். மனுதாரரின் கை மாமியாரின் பக்கத்தில் இருந்து புறப்பட்டு, தன்னைத் தள்ளி, வாசலுக்குப் போனது. களைத்திருந்த ரீச்சர், "நான் வெளியே வந்தேன்" என்று சொல்லிவிட்டார். அடுத்த கேள்வி பாதியில் இருக்கும்போது அவருக்கே பிழை தெரிந்தது. கையை உயர்த்தி, "மன்னிக்க வேண்டும், நான் சொன்னது பிழை. மாமியார் வெளியே அனுப்பினார் என்றுதான் சாட்சி சொன்னார்" என்றார். ஒரு நல்ல உரைபெயர்ப்பாளர் செய்ய வேண்டியதை அப்படியே செய்தார். ஆனால் அந்தத் திருத்தம் உரைபெயர்ப்பாளருடையது என்று வேறாகப் பதிய அங்கே நடைமுறை எதுவும் இருக்கவில்லை. சாட்சி முதலில் ஒன்றும் பிறகு வேறொன்றும் சொன்னதாகத்தான் அது விவாதத்துக்கு வந்தது. பொலிஸ் முறைப்பாட்டில் அடித்தது பற்றி ஒரு வரியும் இல்லை என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது. தமக்கையின் மௌனமும் ரீச்சரின் களைப்பும் மனுதாரரின் முரண்பாடுகளாக மாறின.

அதற்குப் பிறகு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி இன்னொன்றைக் கேட்டார். இவர் மனுதாரருக்குப் படிப்பித்தவர் அல்லவா? பக்கம் சாராமல் சொல்கிறார் என்று மன்று எப்படி ஏற்பது? உரைபெயர்ப்புக்கு இவரிடம் என்ன தகைமை இருக்கிறது?

எங்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்த நேரம் கோபம் வந்தது. எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது, இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது. பதில் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. தகைமை பெற்றவர்களின் பதிவேடு இல்லை. முன்னரே தெரிந்தவர் என்றால் அதை அறிவிக்க வேண்டும் என்ற ஒழுக்கக்கோவை இல்லை. 2013 டிசம்பர் 10 ஆம் திகதி, நெல்சன் மண்டேலாவின் நினைவு நிகழ்வில், உலகத் தலைவர்கள் பேசப் பேசப் பக்கத்தில் நின்று ஒருவர் கைகளை அசைத்தார். அது எந்தச் சைகை மொழியும் அல்ல என்று தென்னாபிரிக்காவின் செவிப்புலனற்றவர்கள் உடனேயே சொன்னார்கள். யாரை நிறுத்துகிறோம் என்று சோதித்துப் பார்க்க ஒழுங்கு இல்லாத இடத்தில் திறமையான ரீச்சரும் அந்த ஆளும் பார்ப்பவருக்கு ஒன்றுதான். தகைமையைப் பற்றிக் கேட்பது உரைபெயர்ப்பாளரை அவமதிப்பதாகாது. அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பதுதான் அவரைக் காப்பாற்றும்.

வழக்கு மறுபடி தள்ளிப்போனது. ரீச்சருக்குக் கூலி கிடைக்கவில்லை. எந்தச் செலவுத் தலைப்பில் வவுச்சர் போடுவது என்று ஒரு அலுவலகம் மற்ற அலுவலகத்தைக் கேட்டது. கடைசியில் அந்தச் சமூக சேவை உத்தியோகத்தர் தன் பையில் இருந்து பஸ் காசைக் கொடுத்தார். இனிமேல் நீதிமன்றத்துக்கு வரமாட்டேன் என்று ரீச்சர் சொன்னார். காசு தராததற்காக அல்ல. "என்ர களைப்பாலை என்ர பிள்ளையின்ர வழக்கு பழுதாப் போச்சு" என்பது அவருடைய வார்த்தை.

சட்டத்தில் இருப்பதும் இல்லாததும்

நம் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 119 ஆம் பிரிவு, பேச முடியாத சாட்சி எழுத்தாலோ சைகையாலோ சாட்சியம் சொல்லலாம், அதை வாய்மொழிச் சாட்சியமாகவே கொள்ள வேண்டும் என்கிறது. 1895 ஆம் ஆண்டுச் சட்டம் அது. சைகை சாட்சியமாகும் என்று நூறு வருடத்துக்கு மேலாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அந்தச் சைகையை யார் மன்றுக்குச் சொல்வது, அவருக்கு யார் பணம் கொடுப்பது என்பதை அது சொல்லவில்லை.

அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை, நீதிமன்றத்தின் மொழி தெரியாதவருக்குச் சிங்களத்திலோ தமிழிலோ உரைபெயர்ப்புத் தரும் பொறுப்பை அரசிடம் வைக்கிறது. வடக்கு, கிழக்கில் நீதிமன்ற மொழி தமிழ். கொழும்பில் இருந்து ஒரு சைகை மொழி உரைபெயர்ப்பாளரைக் கூப்பிடலாமே என்று சிலர் கேட்டதற்கு விடை இதில் இருக்கிறது: சிங்களத்தைக் கேட்டுச் சைகை செய்பவரால் தமிழில் நடக்கும் குறுக்கு விசாரணையை எடுக்க முடியாது. பெயர்களையும் ஊர்களையும் விரலால் எழுத்துக்கூட்டுவதும் தமிழ் எழுத்தில்தான். ஆகவே இங்கே தேவைப்படுகிறவர்களை இங்கேதான் உருவாக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தில் பாகுபாட்டுத் தடை வேலை, கல்வி, கட்டடங்களுக்குள் போய்வரும் வசதி ஆகியவற்றைச் சுற்றியே இருக்கிறது. 2016 இல் இலங்கை ஏற்று உறுதிப்படுத்திய ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம் அதைவிடத் தூரம் போகிறது. அதன் 9 ஆம் உறுப்புரை தொழில்முறைச் சைகை மொழி உரைபெயர்ப்பாளர்களை வழங்கும்படி அரசுகளைக் கேட்கிறது. 13 ஆம் உறுப்புரை நீதியை அணுகும் உரிமை. 21 ஆம் உறுப்புரை சைகை மொழிகளை அங்கீகரித்து வளர்க்கச் சொல்கிறது. எங்கள் கடிதங்கள் எல்லாம் இந்த மூன்றிலும்தான் நின்றன.

கடிதம் எழுதக் கூடியவர்கள்

ரீச்சர் வரமாட்டேன் என்று சொன்ன பிறகு, குடாநாட்டில் இந்த வேலை செய்பவர்களைக் கூப்பிட்டுப் பேசினோம். எல்லோரும் ஒரு சிறிய அறையில் அடங்கும் அளவுதான். செவிப்புலனற்றோர் சங்கத்தில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். கூட்டம் சைகை மொழியில் நடந்தது. காது கேட்கும் நான்தான் அங்கே உரைபெயர்ப்பு தேவைப்பட்டவள்.

பேச்சு காசில் தொடங்கி, காசில் முட்டுப்பட்டது. மூத்த ஆசிரியர் ஒருவர் கட்டணம் என்ற பேச்சையே எதிர்த்தார். "காசு எண்டு சொன்னால் இந்தச் சனம் ஆஸ்பத்திரிக்குக் கூட எங்களைக் கூப்பிடாமல் விட்டிடும்" என்றார். வாழ்நாள் முழுக்க ஒரு சதமும் வாங்காமல், நள்ளிரவில் பிரசவ விடுதி வாசலில் நின்றவர் அவர். அவருடைய பயத்தைத் தட்டிக்கழிக்க யாருக்கும் தகுதி இல்லை. பதில் சங்கத்தின் பக்கத்தில் இருந்து வந்தது: செவிப்புலனற்றவர் எந்தக் காலத்திலும் பணம் கொடுக்கக்கூடாது, அழைக்கும் நிறுவனம்தான் கொடுக்க வேண்டும். வைத்தியசாலைக்கு வரும் நோயாளி வைத்தியரின் சம்பளத்தைக் கட்டுவதில்லையே என்று ஒருவர் சைகையில் கேட்டார். மூத்த ஆசிரியர் கனநேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார்.

அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் இளையவர், செவிப்புலனற்ற பெற்றோருக்குப் பிறந்த பெண். தாயின் கர்ப்பப்பைச் சத்திரசிகிச்சை பற்றி மருத்துவர் சொன்னதைப் பத்து வயதில் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தவர். சில சொற்களின் பொருள் அவருக்கே தெரியாது. தெரிந்தவற்றைச் சொல்ல வெட்கம். அம்மாவுக்குப் பயமாக இருக்கும் என்று சிலவற்றைச் சொல்லாமல் விட்டதாகச் சொன்னார். இன்றைக்கும் பிள்ளைகள் இப்படி வைத்தியசாலைகளிலும் வங்கிகளிலும் நிற்கிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளை என்று நாங்கள் பாராட்டிவிட்டுப் போகிறோம்.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. ஆசிரியர்களும் மதகுருமாரும் செவிப்புலனற்றவர்களின் பிள்ளைகளும் நேரம் கிடைத்தபோது செய்த வேலை, 1964 இல் இந்தியானா மாநிலத்தின் மன்சி நகரில் ஒரு கூட்டத்தில்தான் தொழில்முறை அமைப்பாக வடிவம் எடுத்து, உரைபெயர்ப்பாளர் பதிவேடு ஒன்று பிறந்தது. உலகச் சைகை மொழி உரைபெயர்ப்பாளர் சங்கம் 2003 இல் மொன்றியலில் உருவானது. அதுவும் உலகச் செவிப்புலனற்றோர் சம்மேளனத்தின் மாநாடு நடந்த இடத்தில், அதன் ஆதரவோடுதான். இந்த விபரத்தை அந்தக் கூட்டத்தில் சொன்னபோது சங்கத்தின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். அப்படியென்றால் பதிவேட்டில் யார் இருப்பது என்று எங்களையும் கேட்க வேண்டும் என்றார்கள். ஓர் உரைபெயர்ப்பாளரை வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் தங்களுக்கு வேண்டும் என்றார்கள்.

அறை கொஞ்ச நேரம் இறுகியது. இத்தனை வருடம் இலவசமாக ஓடித் திரிந்தவர்களுக்கு, தங்களைத் தரம் பார்ப்போம் என்று சொல்வது கசக்கத்தான் செய்யும். ஆனாலும் சங்கம் கேட்டதுதான் சரி என்பது என் உறுதியான எண்ணம். உரைபெயர்ப்பாளர் சொல்லும் தமிழ் நல்ல தமிழா என்று நீதவானால் சொல்ல முடியும். அவருடைய சைகை விளங்குகிறதா என்று பார்ப்பவரால் மட்டுமே சொல்ல முடியும். அந்தத் தீர்ப்பை வேறு யாரிடம் கொடுப்பது?

முடிவில் ஒரு பக்கக் கடிதம் ஒன்று உருவானது. எழுத்தில், ஒரு வாரத்துக்கு முன்னதாக அழைப்பு வர வேண்டும். வழக்கின் வகை, ஆட்களின் பெயர், ஊர்ப் பெயர்கள் முன்கூட்டியே தரப்பட வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரண்டு பேர். சாட்சிக்கு எதிரே, வெளிச்சம் முகத்தில் படும் இடத்தில் ஒரு கதிரை. உரைபெயர்ப்பாளர் தொடங்கும் முன் சத்தியப்பிரமாணம் செய்வார், கட்சிக்காரரைத் தெரியும் என்றால் அதையும் அப்போதே சொல்வார். விளங்காவிட்டால் நிறுத்திக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. தன் பிழையைத் திருத்தினால் அது உரைபெயர்ப்பாளரின் திருத்தம் என்று பதியப்பட வேண்டும். அரைநாள் கட்டணம், போக்குவரத்துச் செலவு, கடைசி நேரத்தில் தவணை மாறினால் அதற்கும் ஒரு பகுதி. கேட்டதை வெளியே சொல்வதில்லை. முறைப்பாடு இருந்தால் செவிப்புலனற்றோர் சங்கத்துக்கு. யாழ்ப்பாணத்தில் கடைசிக்கு முந்திய விடயம் சுலபமானதல்ல. சமூகம் சின்னது, வழக்கில் நிற்கும் பெண்ணை ஞாயிற்றுக்கிழமை கலியாண வீட்டில் காண வேண்டிவரும்.

பள்ளிக்கூடமே போகாத செவிப்புலனற்றவர்களுக்காக இன்னொரு வரியைச் சங்கம் சேர்க்கச் சொன்னது. போர்க் காலத்தில் இடம்பெயர்ந்து, படிக்காமல் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பது வீட்டுக் கைக்குறி மட்டும். காது கேட்கும் உரைபெயர்ப்பாளருக்கு அது பிடிபடாது. அப்படியானவர்களுக்குச் செவிப்புலனற்ற ஒருவரே நடுவில் நின்று, குறிகளைச் சைகை மொழிக்கு மாற்றிக்கொடுக்க வேண்டும். அவருக்கும் அதே கட்டணம்.

கடிதம் போன இடங்களும் வந்த பதில்களும்

நீதிமன்றப் பதிவாளர், மாவட்டச் செயலகம், வைத்தியசாலை நிர்வாகம், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் என்று கடிதம் போனது. கூடவே 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பங்களும் போட்டோம். சைகை மொழி உரைபெயர்ப்புக்கு நிதி ஒதுக்கீடு உண்டா, இருந்தால் எந்தத் தலைப்பில், யார் அனுமதிப்பது? கெஞ்சிக் கேட்கும் கடிதத்துக்கு வராத பதில், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டிய சட்டத்துக்கு வந்தது. தனி ஒதுக்கீடு இல்லை என்று ஓர் அலுவலகம் எழுதியது. அதே அலுவலகம் பேசும் மொழி மொழிபெயர்ப்புக்கு ஒரு தலைப்பில் செலவு செய்வதும் அந்தப் பதிலில் இருந்தே தெரிந்தது. அதற்குள் சைகை மொழியையும் சேர்த்தால் புதிய பணம் தேட வேண்டியதில்லை. இந்த வாதத்தைத்தான் அடுத்த கடிதத்தில் வைத்தோம். தொழில் உரிமைக்காகப் பேசப் போகிறவர்கள் மனிதாபிமானத்தைப் பற்றி எழுதும் முன் செலவுத் தலைப்பைத் தேடிப் பிடிப்பது நல்லது.

நீதவான் கடிதத்தை வழக்கேட்டில் சேர்த்து, கேட்ட ஒழுங்குகளில் மன்றுக்குள் செய்யக்கூடியவற்றை அனுமதித்தார். மறு தவணைக்கு மனுதாரருக்குப் படிப்பிக்காத இருவர் வந்தார்கள். ஒருவர் அந்த இளம் பெண். சத்தியப்பிரமாணம் செய்தார்கள். கதிரை சாட்சிக்கு எதிரே போடப்பட்டது. தொடங்குவதற்கு முதல் "தாபரிப்பு", "கட்டளை", "நிலுவை" ஆகியவற்றுக்கு எந்தச் சைகையைப் பாவிப்பது என்று மனுதாரரோடு பேசி முடிவு செய்துகொண்டார்கள். முன்னைய தவணையில் "வெளியே வந்தேன்" என்று பதியப்பட்ட இடத்தை எங்கள் சட்டத்தரணி மறுபடி எடுத்தார். பொலிஸ் முறைப்பாடு யார் சொல்லி எழுதப்பட்டது என்பதையும் கேட்டார். தமக்கை சாட்சி சொல்ல வந்தார். தங்கையிடம் கேட்காமல் தலையாட்டியதை மறைக்காமல் சொன்னார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி உரைபெயர்ப்பாளர்களைப் பற்றி எந்த ஆட்சேபமும் எழுப்பவில்லை. குறுக்கு விசாரணை அன்றே முடிந்தது. பிள்ளைகளுக்கும் மனுதாரருக்கும் மாதாந்தத் தாபரிப்புக் கொடுக்கும்படி கட்டளை வந்தது.

இருவருக்கும் உரிய கட்டணம் இன்னும் முழுதாக வரவில்லை. போக்குவரத்துச் செலவு வந்தது. பிரதேச செயலகம் ஒன்று, அழைப்பை எழுத்தில், திகதி, நேரம், கட்டண விபரத்தோடு அனுப்பத் தொடங்கியிருக்கிறது. ரீச்சர் இப்போது நீதிமன்றத்துக்குப் போவதில்லை. புதியவர்களுக்குச் சனிக்கிழமைகளில் பழக்குகிறார், சட்டச் சொற்களுக்கான சைகைகளைச் சங்கத்து மூத்தவர்களோடு இருந்து வீடியோவில் பதிகிறார். பதிவேட்டின் முதல் வடிவமும் சங்கத்தின் ஒப்புதலோடு தயாராகிவிட்டது. அதில் பெயர் கொடுக்க மறுத்தவர்களும் உண்டு. தரம் பார்ப்பதை இன்னும் ஏற்காதவர்கள் அவர்கள். அவர்களோடு பேச்சு நடக்கிறது.

தீராத பெரிய விடயம் பொலிஸ் நிலையம். இந்த வழக்கு கெடத் தொடங்கியது அங்கேதான், நாங்கள் கேட்ட எதுவும் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. வாக்குமூலம் எடுக்க ஒரு வாரம் முன்னறிவித்தல் கேட்க முடியாது. அடி வாங்கிய பெண் இரவில்தான் போவார். இரவில் பெண் உரைபெயர்ப்பாளர் ஒருவர் எப்படி வருவது, யார் கூட்டி வந்து கொண்டுபோய் விடுவது, பிறகு குற்றவாளித் தரப்பின் ஆட்கள் அவர் வீட்டு வாசலுக்கு வந்தால் யார் பொறுப்பு என்று அந்த இளம் பெண் கேட்ட கேள்விகளுக்கு இன்னும் எழுத்தில் பதில் இல்லை. முதல் வாக்குமூலத்தை வட்ஸ்அப் வீடியோ கோலில் எடுத்து, அடுத்த நாள் நேரில் வந்து திருத்தி உறுதிப்படுத்தலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. வீடியோவில் சைகை முழுதாகத் தெரியாது, அந்தரங்கமும் இருக்காது என்று சங்கம் ஆட்சேபிக்கிறது. இரண்டையும் வைத்து எழுதிய வரைபு இப்போது சங்கத்திடம் இருக்கிறது. அவர்கள் பார்த்து முடித்த பிறகு அது பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகத்துக்குப் போகும்.